காகிதத்தில் அவசரம், பணத்தில் நிதானம்: ரிட்டயர் ஆகப்போகும் அரசு ஊழியருக்கு

தமிழ்நாடு அரசு வேலையில் 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் சேர்ந்து, பழைய பென்ஷனில் இருந்துகொண்டு, இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் கணக்கே வேறு, இரண்டையும் கலந்தால் யாருக்கும் உதவாது, அதனால் அதைத் தொடவில்லை. ஆபீசில் பல வருடம் பென்ஷன் சீட் பார்த்தவன் நான், இப்போது நானே பென்ஷன்காரன். கவுன்ட்டரின் இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் சொல்கிறேன், காகித வேலையில் அவசரப்படுங்கள், பண வேலையில் சோம்பேறியாக இருங்கள். நம் ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்.ஆர். புத்தகத்தை, அதாவது பணிப்பதிவேட்டை, கடைசி மாதம்தான் திறந்து பார்ப்பார்கள், ஆனால் கிராஜுவிட்டி அக்கவுன்ட்டில் விழுந்த அதே வாரம் பாதியை யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பார்கள்.

முதலில் தேதி. ஓய்வு வயது 58 ஆக இருந்தது, 2020 மே மாதம் 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. 60 முடியும் மாதத்தின் கடைசி நாள் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மட்டும் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜூன் மாதச் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மே 31 அன்று முழிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மே 31 அன்று ஏன் எல்லா ஆபீசிலும் மாலையும் கையுமாகக் கூட்டம் என்றால், அந்தக் காலத்தில் பிள்ளையை ஒண்ணாம் கிளாஸில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் வயதுக்குத் தக்கபடி ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார், பலருக்கு அது மே மாதத்திலோ ஜூன் ஒன்றிலோ விழுந்தது. அம்மா சொன்ன பிறந்த நாள் வேறு என்று இப்போது சொல்லிப் பயனில்லை, வேலையில் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதைத் தொட்டால் ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைக்கும், அதற்குத் தனி ஆணை வேண்டும், அதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

எஸ்.ஆர். புத்தகம்

பென்ஷன் தாமதமாகிறது என்று ஏ.ஜி. ஆபீசை, அதாவது சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தை, திட்டுகிறோம். தேனாம்பேட்டைக்குப் போன ஃபைல் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் ஆபீசிலேயே பீரோவுக்குள் தூங்குகிற எஸ்.ஆர்.தான். இரண்டு வருடம் இருக்கும்போதே ஒரு மதியம் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே படியுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் பணிச் சரிபார்ப்பு பதியப்பட்டு, கீழே அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா? முதலில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தால், பணி வரன்முறைப்படுத்திய ஆணை எங்கே? தகுதிகாண் பருவம் முடித்த ஆணை? துறைத் தேர்வு பாஸ் செய்த பதிவு? ஒவ்வொரு ஊதியக் குழுவின்போதும் சம்பளம் நிர்ணயம் செய்த தாள்? சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, மருத்துவக் காரணமா சொந்தக் காரணமா? இதில் ஒரு பதிவு விட்டுப் போயிருந்தாலும், நீங்கள் பதினைந்து வருடம் முன்பு வேலை பார்த்த தாலுகாவின் ஆபீசுக்குப் போய்ப் பழைய சம்பளப் பட்டியலைத் தேட வேண்டி வரும். அங்கே இருப்பவர்கள் உங்களை அறியாதவர்கள், ரெக்கார்டு ரூமில் கரையான் இருக்கலாம். பணியில் இருக்கும்போது போனால் "வாங்க சார், உட்காருங்க" என்பார்கள். ஓய்வு பெற்றபின் போனால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

முழு பென்ஷனுக்கு 30 வருடத் தகுதிப் பணி, அதாவது பென்ஷன் கணக்கில் சேரும் பணி, வேண்டும், குறைந்தபட்சப் பென்ஷனுக்கு 10 வருடம். 30 வருடம் இருந்தால் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அதனால் 29 வருடம் சொச்சத்தில் நிற்பவர்களுக்கு, விட்டுப்போன ஒரு சின்னப் பதிவு வாழ்நாள் முழுக்கப் பணமாகத் தேயும்.

ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குச் சீட்டையும் இதே நேரத்தில் எடுத்து வருடவாரியாகப் பாருங்கள். மாறுதலில் போன வருடங்களில்தான் சந்தா விட்டுப்போயிருக்கும், அந்த மாதத்தின் வவுச்சர் எண்ணும் கருவூலத்தின் பெயரும் இருந்தால் சரிசெய்து விடலாம்.

பெயரும் இனிஷியலும்

நம் ஊரில் மட்டும் இருக்கிற தலைவலி இது. எஸ்.ஆரில் கே. முருகன். பான் கார்டில் முருகன் கந்தசாமி. ஆதாரில் கந்தசாமி முருகன். பாஸ்புக்கில் வெறும் முருகன். நான்கும் ஒரே ஆள்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். உங்கள் பெயரையாவது நீங்கள் உயிரோடு இருக்கும்போது நேரில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். உண்மையான சிக்கல் மனைவி பெயரில்தான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் எஸ்.ஆரில் செல்வி என்று எழுதியிருக்கும், ஆதாரில் தமிழ்ச்செல்வி என்றிருக்கும், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், வங்கியில் அப்பா இனிஷியல். பிறந்த தேதிக்கு எந்தச் சான்றும் இருக்காது. அந்த அம்மாள் ஒருநாள் குடும்ப ஓய்வூதியம் கேட்டுக் கருவூலத்தில் நிற்கும்போது, இரண்டும் நான்தான் என்று நிரூபிக்கும் வேலை அவர் தலையில் விழும், அதுவும் எந்தச் சமயத்தில் என்று யோசியுங்கள்.

ஆகவே ஒரு முடிவு எடுங்கள்: எஸ்.ஆரில் இருக்கிற பெயரை மையமாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு மாற்றுவதா, அல்லது ஆதாரை மையமாக வைத்து எஸ்.ஆரைத் திருத்துவதா. எது சுலபமோ அது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதி. பென்ஷன் வரும் கணக்கில் மனைவியையும் சேர்த்து, இருவரில் யாராவது ஒருவர் எடுக்கலாம் என்ற முறையில் ஜாயின்ட் அக்கவுன்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ, கணவரை இழந்த மகளோ வீட்டில் இருந்தால் அவர்கள் விவரத்தையும் குடும்ப விவரப் படிவத்தில் இப்போதே எழுதுங்கள், பின்னால் சேர்ப்பது பெரும்பாடு.

நிலுவைகள்

நோ டியூ சர்டிபிகேட் என்றதும் குவார்ட்டர்ஸ் வாடகையும் பண்டிகை முன்பணமும்தான் நினைவுக்கு வரும். அவை சுலபம். மறந்து போவது ஊழியர்கள் கடன் வாங்கும் சிக்கன நாணயச் சங்கம், அதாவது சொசைட்டி. கடன் அடைந்திருந்தாலும் நீங்கள் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அவர் இன்னும் கட்டிக்கொண்டிருப்பார். வேறு ஒருவரை ஜாமீனுக்கு மாற்றி எழுதிக்கொண்டு, உங்கள் பங்குத்தொகையையும் கேட்டு வாங்குங்கள். வீடு கட்ட முன்பணம் வாங்கியவர்கள் வட்டியோடு அடைத்து முடித்ததோடு நின்றுவிடுகிறார்கள். அடமானம் வைத்த மூலப்பத்திரம் ஆபீஸ் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும். அதைத் திரும்ப வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்தும் பதிந்து, வில்லங்கச் சான்றில் அது தெரிகிறதா என்று பார்த்தால்தான் வீடு உங்களுடையது.

தணிக்கை ஆட்சேபணை ஏதாவது உங்கள் பெயரில் இருந்தால், பதில் எழுத வேண்டிய ஃபைல் உங்கள் கைக்கு எட்டுகிற காலத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள். 17(பி), அதாவது பெரிய தண்டனைக்குரிய ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, நிலுவையில் இருந்தால் கதை நீளும். முழு பென்ஷன் வராது, தற்காலிக பென்ஷன்தான், கிராஜுவிட்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஓய்வு பெறும் நாள் சாயங்காலம் சஸ்பெண்ட் ஆர்டர் கொடுத்துவந்த வழக்கத்தால் எத்தனை பணி நிறைவு விழாப் பந்தல்கள் பாதியில் பிரிக்கப்பட்டன என்று நம் எல்லோருக்கும் தெரியும். விசாரணை நடந்துகொண்டிருந்தால் முடித்து ஆணை பிறப்பிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு முத்திரை போட்ட நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

விழா பற்றி ஒரு வரி. மோதிரம் போடுவார்கள், வேனில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள், பிரியாணி நீங்கள் போட வேண்டும். செய்யுங்கள், ஒருநாள் கூத்துதான். அதற்காகச் சொசைட்டியில் கடைசியாக ஒரு கடன் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பணம் வரும்போது

கையில் வரப்போவதில் பென்ஷனைத் தவிர முக்கியமானவை நான்கு. கிராஜுவிட்டி, அதாவது முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் கால் மாதச் சம்பளம், அதிகபட்சம் பதினாறரை மாதச் சம்பளம், அதுவும் அரசு வைத்த உச்சவரம்புக்குள். ஈட்டிய விடுப்பில் மிச்சம், அதிகபட்சம் 240 நாளுக்கு. ஜி.பி.எஃப். இருப்பு. நான்காவது கம்யூட்டேஷன், இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

அடிப்படைச் சம்பளம் 1,00,000 ரூபாயில் முழுப் பணியோடு ஓய்வு பெறுகிறவருக்குப் பென்ஷன் 50,000. அதில் மூன்றில் ஒரு பங்குவரை, அதாவது 16,666 ரூபாயை, விற்றுவிட்டு மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தொகையை 12-ஆல் பெருக்கி, வயதுக்கு உரிய காரணியால் பெருக்குவார்கள், 60 வயதில் அது எட்டைச் சற்றுத் தாண்டும். சுமார் 16 லட்சம் வரும். 15 வருடம் கழித்து முழு பென்ஷன் திரும்பிவிடும். அகவிலைப்படி எப்போதுமே குறைக்காத முழு பென்ஷனுக்குத்தான் கணக்கிடப்படும். 15 வருடத்தில் உங்களிடம் பிடிப்பது 30 லட்சம். "பார்த்தீங்களா, அரசு இரட்டிப்பாப் புடுங்குது" என்று டீக்கடையில் சொல்வார்கள். பணத்தின் காலமதிப்பைப் போட்டுப் பார்த்தால் இது ஏறக்குறைய 9 சதவீத வட்டிக்கு வாங்கிய 15 வருடக் கடன் மாதிரி, அதிலும் நடுவில் நீங்கள் போய்ச் சேர்ந்தால் மீதியை யாரிடமும் வசூலிக்க மாட்டார்கள், குடும்ப ஓய்வூதியமும் குறையாது. ஆக, 12 சதவீதத்தில் ஓடுகிற தனிநபர் கடன் இருந்தால் கம்யூட்டேஷன் வாங்கி அதை அடைப்பது புத்திசாலித்தனம். உடல்நிலை சரியில்லாதவர்களும் யோசிக்காமல் வாங்கலாம். கடனும் இல்லை, உடம்பும் நன்றாக இருக்கிறது, வாங்கி எஃப்.டி.யில் போடப் போகிறேன் என்றால், 9-க்கு வாங்கி 7-க்குப் போடுகிறீர்கள், எனக்கு அதில் அர்த்தம் தெரியவில்லை. எப்படியானாலும் ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இல்லை, அதற்குப் பிறகு போனால் உண்டு.

சரி, பணம் வந்துவிட்டது. முதல் ஆறு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள். சேவிங்ஸ் கணக்கில் சும்மா கிடப்பது நஷ்டமாகத் தெரிந்தால் குறுகிய கால எஃப்.டி.யில் போடுங்கள், ஒரே வங்கியில் குவிக்காமல் பிரித்து. வங்கி திவாலானால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. ஏன் ஆறு மாதம் என்கிறேன் என்றால், அந்தச் சமயத்தில்தான் மச்சான் மனை பார்த்துவைத்திருப்பார், மகன் சென்னையில் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கேட்பார், உங்களோடு வேலை பார்த்த ஒருவர் "மாசம் மூணு பர்சென்ட் தர்றாங்க சார், நானே போட்டிருக்கேன்" என்று ஏஜென்டாக வந்து சோபாவில் உட்காருவார். மூன்று பர்சென்ட் என்றால் வருடத்துக்கு 36. எந்தத் தொழிலில் அவ்வளவு லாபம் என்று அவரைக் கேளுங்கள். டெபாசிட்தாரர்களைக் காக்க தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்தது, பொருளாதாரக் குற்றப்பிரிவும் இருக்கிறது, ஆனாலும் பணம் போனவர்கள் மனு கொடுக்கிற வரிசையில் நம் ஆட்கள்தான் நிறைய. அவர் மனம் நோகுமே என்று கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்கு லாக் பண்ணிட்டேன் என்று சொல்லுங்கள், பொய்தான், பரவாயில்லை.

உண்மையாகவே லாக் செய்வதற்கு நல்ல இடம் போஸ்ட் ஆபீசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம், நான் எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், நீங்கள் போடும் நாளில் இருக்கிற வட்டி ஐந்து வருடமும் மாறாது. 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். கணவனும் மனைவியும் இருவரும் 60 தாண்டியிருந்தால் தனித்தனியாகப் போடலாம். நாமினி பெயரில் மறுபடியும் அந்த இனிஷியல் விஷயத்தைப் பாருங்கள்.

வரி பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். அரசு ஊழியருக்குக் கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், விடுப்புச் சம்பளம் மூன்றுக்கும் வரி இல்லை. மாத பென்ஷனுக்கு உண்டு, அது சம்பளம் மாதிரியேதான், புதிய முறையில் 75,000 கழிவும் கிடைக்கும். 2025-26 முதல் புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை வரி வராது என்பதால் நம்மில் பெரும்பாலோர் தப்பிவிடுகிறோம். ரிட்டர்ன் தாக்கல் செய்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு எழுதி வைப்பது

ஓய்வு பெற்றதும் சிலருக்கு ஒரு வேகம் வரும், "இருக்கும்போதே பிரிச்சுக் கொடுத்துடலாம்" என்று வீட்டைச் செட்டில்மென்ட் பத்திரம் போட்டுவிடுவார்கள். பத்திரம் பதிந்த நிமிடமே வீடு அவர்களுடையது. உயில் என்றால் நீங்கள் இருக்கும்வரை உங்களுடையது, மனம் மாறினால் மாற்றி எழுதலாம், முத்திரைத்தாள் செலவும் இல்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள், பின்னால் சண்டை குறையும். இல்லை, இப்போதே எழுதித்தான் ஆக வேண்டும் என்று நிலைமை இருந்தால், உங்களுக்கும் மனைவிக்கும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் அப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது, கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நிபந்தனை எழுதாமல் விட்டால் வழக்கு இழுக்கும்.

பகல் பொழுது

இதற்கு ஃபார்ம் கிடையாது. காலை பத்து மணிக்கு வீட்டில் உங்களுக்கு வேலை இல்லை, மனைவிக்கு இருக்கிறது. முப்பது வருடமாக அவர் ஒரு டைம்டேபிளில் அந்த வீட்டை நடத்தியிருக்கிறார், நீங்கள் புதிதாக வந்த சூபரின்டென்டென்ட் மாதிரி "ஏன் குழம்பு இவ்வளவு லேட்" என்று கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். பத்தரையிலிருந்து ஒன்றரை வரையாவது வெளியே போக ஓர் இடம் பிடியுங்கள். நூலகம், ஓய்வூதியர் சங்கம், கோயில் திருப்பணி, ஊரில் இருக்கிற அரை ஏக்கர், டியூஷன், எதுவானாலும் சரி. சங்கத்தில் கட்டாயம் சேருங்கள், அரசாணை வந்த அன்றே அங்கே தெரிந்துவிடும், நாம் போஸ்டில் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பழைய ஆபீசுக்கு வேலை இல்லாமல் போகாதீர்கள். முதல் முறை டீ வாங்கித் தருவார்கள். மூன்றாம் முறை ஃபைலில் இருந்து தலை தூக்க மாட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு வேலை இருக்கிறது.

மருத்துவக் காப்பீட்டுக்குப் பென்ஷனில் மாதாமாதம் பிடிப்பார்கள், அது உங்களுக்கும் துணைவருக்கும் மட்டும். அடையாள அட்டையைப் பதிவிறக்கி, உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவையுங்கள், நெஞ்சுவலி வந்த ராத்திரியில் தேட முடியாது.

பென்ஷன் ஓட ஆரம்பித்த பிறகு

நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய வருடத்துக்கு ஒருமுறை நேர்காணல் உண்டு. உங்களுக்கு எந்த மாதம் என்று கருவூலத்தில் முதல் தடவையே கேட்டு காலண்டரில் எழுதிவிடுங்கள், தவறினால் பென்ஷன் நின்றுவிடும். நடக்க முடியாதவர்கள் ஜீவன் பிரமாண் மூலம் வீட்டிலிருந்தே ஆயுள் சான்று தரலாம், போஸ்ட்மேன் வந்து விரல் ரேகை வாங்கிக்கொள்வார், 70 ரூபாய். ஆனால் "கருவூலத்திலிருந்து பேசுகிறோம், ஆயுள் சான்று புதுப்பிக்க ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், கருவூலத்தில் யாரும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். சொல்லித் தொலைத்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பென்ஷன் வழங்கும் ஆணையான பி.பி.ஓ. வந்ததும் அசலை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் அதில் திருத்தம் எழுத இடம் வேண்டும். நான்கு நகல் எடுத்து ஒன்றை மகளிடமோ மகனிடமோ கொடுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது மனைவியின் பெயரும், குடும்ப ஓய்வூதியத் தொகையும், கம்யூட்டேஷன் பிடிக்க ஆரம்பித்த தேதியும். அந்தத் தேதியிலிருந்து 15 வருடம் கணக்குப் போட்டு, முழு பென்ஷன் திரும்ப வேண்டிய மாதத்தை நகலின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல், அந்த மாதத்தையும் எழுதுங்கள். தானாகவே போட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள், பல பேருக்குப் போட்டும் இருக்கிறார்கள். போடவில்லை என்றால் அடுத்த மாதமே மனு கொடுங்கள்.